கீழ் போர்ஷன் சுவர்

மறுபடியும் கோட்டைத் தாண்டியிருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் பூட்டிக்கொண்டு மாடிக்குப் போவதற்கு முன் பென்சிலைக் கூராகச் சீவி, ஈரத்தின் விளிம்பையொட்டி நானே போட்ட கோடு. கை நடுங்கக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். அப்போதே ஈரம் பாதி காய்ந்து, ஓரமெல்லாம் வெளுத்து, இன்னும் ஒரு ராத்திரி விட்டால் பட்டி பூசிவிடலாம் என்கிற நிலைமைக்கு வந்திருந்தது. இன்று காலை தண்ணீர் கசியாமலிருக்கப் பூசும் பவுடர் வாங்க மேடவாக்கம் வரைக்கும் போய், வெயிலில் வதங்கித் திரும்பி, சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் கீழ் போர்ஷனைத் திறக்கிறேன். ஜன்னலுக்குக் கீழே சுவர் கறுத்துப்போய், கோட்டுக்கு வெளியே ஒரு கை அகலத்துக்குப் பரவி நிற்கிறது. பங்குனி மாதம். மழையின் முகத்தைப் பார்த்தே எவ்வளவோ காலமாகிறது. தெருவில் நாய்கூட நிழலைவிட்டு நகரவில்லை. மடிப்பாக்கம் தாழ்வான ஊர், மழைக்காலத்தில் ஓதம் ஏறும், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இப்படி நான் வெளியே போன நேரம் பார்த்து ஏறுமா? ஓதத்துக்கு என்ன, நான் எப்போது செருப்பு மாட்டுகிறேன் என்று யாராவது போய்ச் சொல்கிறார்களா? யாரோ செய்கிறார்கள். இதை நான் சொன்னால் வயசாகிவிட்டது என்பார்கள். ஒரு மருந்துக் கம்பெனியின் குடோனில் ஸ்டோர் கீப்பராகக் காலம் தள்ளியவன் நான். தானாகக் குறைந்தது, தானாக உடைந்தது, தானாகக் காணாமல் போனது என்று எத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று சொல்லியிருக்கிறார்கள். தானாக எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முட்டி கடகடவென்றது. இந்த வீட்டில் கரப்பான்பூச்சிக்கு அடுத்தபடியாக எல்லா மூலையும் தெரிந்தவன் நான்தான். குளியலறைத் தரையை உளி வைத்துப் பெயர்த்தேன். வலது தோள் இன்னும் தலைக்கு மேலே போக மறுக்கிறது. சமையல் மேடைக்கு அடியில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோடா மாவு போட்டுச் சுரண்டினேன். ஹால் டைல்ஸ் ஒவ்வொன்றையும் காசால் தட்டித் தட்டி, பொள்ளென்று ஒலித்தவற்றை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி பதித்தேன். முன் அறைக் கதவுக்கு உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து, போன குடித்தனக்காரர் பிள்ளை ஒட்டிய பொம்மைப் படங்களின் பிசினையெல்லாம் எடுத்தேன். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. இதெல்லாம் எதற்கு என்று உடம்பு கேட்கும். ஆள் வைத்து ஒரே வாரத்தில் முடித்து, டு-லெட் போர்டு மாட்டிவிட்டு, மாடியில் ஃபேனுக்கடியில் பேப்பர் படிக்கலாமே என்று கேட்கும். அப்போது இந்தச் சுவர் ஞாபகம் வரும். இன்றைக்கு எவ்வளவு தாண்டியிருக்கிறது, யார் வேலை இது, இன்றைக்குப் பிடித்துவிட வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் கால் தானாகக் கட்டிலைவிட்டு இறங்கும். உண்மையைச் சொன்னால், எனக்கு எதிராக யாரோ வேலை செய்கிறார்கள் என்ற எண்ணம் வந்த பிறகுதான் காலையில் பல் தேய்க்கவே தோன்றுகிறது. வாடகை வரும் என்ற ஆசையெல்லாம் இந்த அளவுக்கு ஆளை எழுப்பாது. சந்தேகம் எழுப்புகிறது. என்ன மாதிரி மனுஷன் நான்.

முதலில் ஏகாம்பரத்தைத்தான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய குளியலறை இந்தச் சுவருக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி நடக்கிற சந்து. அவர் வீட்டுக் குழாய் கசிந்து, தண்ணீர் மண்ணுக்கடியில் வந்து என் சுவரில் ஏறுகிறது, தெரிந்தும் அவர் தெரியாத மாதிரி இருக்கிறார். ஏனென்றால் அவர் சிரிக்கிறார். கேட்டில் பார்த்தால், "என்ன சார், வேலை எல்லாம் எந்த மட்டுல இருக்கு?" என்று சிரிப்பார். தப்பு செய்யாதவன் ஏன் தினமும் சிரிக்கிறான்? ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. "சார், அடுத்த வாரம் காஞ்சிபுரத்துல கல்யாணம். குடும்பத்தோட போறோம். மெயின் வால்வையே மூடிட்டுப் போறேன். அப்பவும் ஈரம் வந்தா என்னை விட்டுடுங்க" என்றார். போனார். மூடினார். நான் சந்துக்குள் நுழைந்து அவர் வீட்டுக் குழாயில் காதை வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை. ஈரம் மட்டும் வந்தது. அவர் திரும்பி வந்து கல்யாண வீட்டு முறுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். அதைக்கூட வாசலில் நின்று கொஞ்ச நேரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போனேன்.

அப்புறம் கொத்தனார் கன்னியப்பன். அவனைக் கூப்பிட்டு, செங்கல் தெரிகிற வரைக்கும் பூச்சைக் கொத்து என்றேன். கொத்தினான். கொத்தியவன் செங்கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "சார், உள்ள காஞ்சி கெடக்குது சார். ஈரம் வெளிய மேலாலதான் கீது" என்றான். அதெப்படி? உள்ளே காய்ந்து வெளியே நனையுமா? ஓதம் என்றால் உள்ளிருந்துதானே வரும்? வேலையை இழுத்தடிக்கப் பார்க்கிறான், மறுபடி பூச, மறுபடி கொத்த, அவனுக்கென்ன. "நீ சொல்றத நம்புறதுக்கு நான் என்ன நேத்துப் பொறந்தவனா?" என்றேன். கன்னியப்பன் சுருக்கென்று கரணையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "கையால தொட்டுப் பாரு சார், என்னை ஏன் கேக்குற" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். நான் தொட்டுப் பார்க்கவில்லை. அவன் சொன்னதாலேயே தொட்டுப் பார்க்கவில்லை. கொத்திய இடத்தை நானே கலவை குழைத்துப் பூசி மூடினேன். அவன்மேல் எனக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்தது, அந்தக் கொக்கி விஷயத்தில். ஹாலில் ஃபேன் மாட்டும் இரும்புக் கொக்கியை, நான் தாம்பரம் போயிருந்த சமயத்தில், வேரோடு அறுத்து எடுத்து அந்த இடத்தைச் சிமென்ட் வைத்து மூடிவிட்டான். யாருடா சொன்னது என்றால், "அம்மாதான் சொன்னாங்க" என்கிறான். மெட்ராஸ் ஊரில் ஃபேன் கொக்கி இல்லாத ஹால்! பைத்தியக்காரன் வீட்டுக்குக்கூட இருக்குமே! எவன் வருவான் குடித்தனம்? மாடிக்குப் போய் அவளைக் கேட்டேன். என் மனைவி தையல்நாயகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "டேபிள் ஃபேன் வச்சுக்கட்டும். கொக்கி துருப்பிடிச்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். நான்தான் சொன்னேன். சொன்னது உண்மைதான். படியிறங்கிக் கீழே வந்துவிட்டேன்.

அவளையும் நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கூடவே வாழ்கிறவள் என்பதற்காக விட்டுவிட முடியுமா? நான் கீழே வந்து வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமல் இருந்தால் போதும், மாடிப்படியிலிருந்து "என்னங்க" என்று குரல் வரும். வேறு ஒன்றும் இருக்காது, வெறும் "என்னங்க". நான் "ம்" என்றால் போய்விடுவாள். ஒருநாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். இரண்டாவது முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. படியில் தடதடவென்று இறங்கி, செருப்புகூட இல்லாமல், கையில் தோசைக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். மூச்சு இரைத்தது. நான் குளியலறை மூலையில் உட்கார்ந்து வெள்ளை சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தேன். "கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டீங்களா?" என்று கத்தினாள், கண்ணெல்லாம் சிவந்து. எதற்கு இந்தக் கோபம்? நான் கீழே என்ன கண்டுபிடித்துவிடுவேன் என்று இந்தப் பயம்? ஏணியில் ஏறினாலும் வந்து பிடித்துக்கொள்கிறாள். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை என்றால், "சும்மாதானே இருக்கேன்" என்கிறாள். சும்மா இருக்கிற பெண்பிள்ளையை நான் எங்கும் பார்த்ததில்லை. அப்புறம் அந்த போன். புனேயில் இருக்கிற மகள் இந்துவோடு பேசும்போது என்னைக் கண்டால் குரல் இறங்கிவிடுகிறது. ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "இன்னும் முடியலடி... ம்... அதுவும் நல்லதுக்குத்தான்... முடிஞ்சுட்டா அப்புறம் என்ன பண்றதுன்னுதான்..." என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள். எது முடிந்தால்? வீட்டை விற்கப் பார்க்கிறார்களா? வேலை முடியாமல் இழுத்தடித்து, நானே சலித்துப்போய் சரி விற்றுவிடலாம் என்று சொல்லவைக்கப் பார்க்கிறார்களா? அம்மாவும் பெண்ணும் சேர்ந்து. இருக்கலாம். சேர்ந்தால் அவர்கள் இரண்டு பேரும் எமகாதகிகள்.

சாவி இரண்டு. ஒன்று என் சட்டைப் பையில், இன்னொன்று மாடிச் சமையலறை ஜன்னல் ஆணியில். அந்த இரண்டாவது சாவி தொங்கும் விதத்தையும் கொஞ்ச நாளாகப் பார்த்துவருகிறேன். சில நாள் அதன் பல் இடப்பக்கம் இருக்கும், சில நாள் வலப்பக்கம். காற்றாகவும் இருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே போனால் கடைசியில் நினைப்பு போய் முட்டுகிற இடம் அந்த ஸ்டூல்தான். அங்கே போகக்கூடாது என்று வைத்திருக்கிறேன். போகிறது. ஓய்வு பெற்ற வருஷத்து மழைக்காலம். கீழ் போர்ஷன் காலியாகிக் கிடந்தது. நான் மாடியில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன், நாள் கணக்கு இல்லாமல். குளிக்கத் தோன்றவில்லை, சவரம் செய்யத் தோன்றவில்லை, யார் வந்தாலும் எழுந்து உட்காரத் தோன்றவில்லை. செத்துப்போகலாம் என்று தோன்றியது. பெரிய காரணம் எதுவும் இல்லை. கடன் இல்லை, வியாதி இல்லை, பெண் நன்றாக இருக்கிறாள், பெண்டாட்டி நேரத்துக்குச் சோறு போடுகிறாள். காரணம் இல்லாமல் தோன்றியதுதான் பயமாக இருந்தது. காரணம் இருந்தால் அதைச் சரிசெய்யலாமே. ஒரு மத்தியானம் ஸ்டூலை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். இதே ஹால். ஸ்டூலில் ஏறி அந்தக் கொக்கியைப் பார்த்து நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பினால் வாசலில் தையல்நாயகி. "ஸ்டூல் மேல ஏறி என்ன பண்றீங்க?" சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஃபேன் கொக்கி துருப்பிடிச்சிருக்கு. பாக்கறேன்." "அப்படியா. எறங்குங்க, காபி ஆறுது." அவ்வளவுதான் பேச்சு. நான் இறங்கினேன். காபி குடித்தேன். அப்புறம் ஒரே யோசனை: நம்பினாளா, இல்லையா? நம்பவைக்க வேண்டுமே. அடுத்த நாள் காலையில் போய் உப்புத்தாளும் துருவெடுக்கும் எண்ணெயும் வாங்கிவந்து கொக்கியைத் தேய்த்தேன். கொக்கியை மட்டும் தேய்த்தால் சந்தேகம் வரும் என்று சுற்றியிருந்த கூரையைச் சுரண்டினேன். கூரையைச் சுரண்டியதில் பழைய பெயின்ட் பாளம் பாளமாக விழுந்தது. அது விழுந்ததால் சுவர். சுவரால் கதவு. கதவால் தரை. இப்படித்தான் இந்த வேலையே ஆரம்பித்தது. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு வீட்டையே பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டூலை மட்டும் அதற்கப்புறம் காணோம். கேட்டதற்கு, "கால் ஆடுதுன்னு பூக்காரிக்குக் குடுத்துட்டேன்" என்றாள். கால் ஆடவில்லை. எனக்குத் தெரியும், நான் நின்றிருக்கிறேன்.

நினைப்பை உதறிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். பார்த்தபோதுதான் எறும்பு கண்ணில் பட்டது. ஜன்னல் சட்டத்தின் இடுக்கிலிருந்து ஒற்றை வரிசையாக இறங்கி, என் பென்சில் கோட்டைக் குறுக்கே கடந்து, ஈரத்தின் கீழ் விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தது. சின்ன எறும்பு. கறையான் என்றால் பயப்பட்டிருப்பேன். இது கறையான் இல்லை. வெறும் தண்ணீருக்கு எறும்பு இப்படிச் சாரை கட்டாது. குடோனில் எனக்கு இது ஒரு பழக்கம்: அட்டைப் பெட்டி அடுக்கில் எந்தப் பெட்டிக்குள் இருமல் மருந்து உடைந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க மாட்டேன், எறும்பின் பின்னாலேயே போவேன். ஆள் பொய் சொல்வான், சீட்டு பொய் சொல்லும், எறும்பு சொல்லாது. வாளியை இழுத்துப் போட்டுக் குனிந்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தேன். வரிசையில் திரும்பி வருகிற எறும்புகள் சில, வாயில் வெள்ளையாக என்னவோ கவ்விக்கொண்டிருந்தன. சுவரில், கறுத்த ஈரத்தின்மேல், மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம் வழிந்து இறங்கிக் காய்ந்திருந்தது. உப்பு பூத்திருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்துப் பட்டித் தகடால் வழித்துப் போட்ட அதே வெள்ளை. ஈரமும், இப்போது பார்த்தால், கீழேயிருந்து ஏறினதாக இல்லை. மேலே அகலமாக ஆரம்பித்து, கீழே வரவரக் கோடு கோடாகப் பிரிந்து இறங்கியிருந்தது. இடுப்பு உயரத்தில் ஆரம்பித்திருந்தது. என் இடுப்பு உயரம்கூட இல்லை. கொஞ்சம் குள்ளமான ஆளின் இடுப்பு.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பென்றால் கரிக்க வேண்டும். கரிக்கவில்லை. சப்பென்று, லேசான புளிப்போடு, எங்கேயோ தினமும் பக்கத்திலேயே இருக்கிற ஒரு ருசி. மறுபடி தொட்டு வைத்தேன். கழுநீர். அரிசி களைந்த தண்ணீர். தரையோரத்தில் குனிந்து துழாவினால், டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவில், சுண்டுவிரல் நகத்தில் ஒட்டுகிற அளவுக்கு ஒரு நொய்யரிசி. எறும்பு அதைத்தான் அசைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாளியில் மறுபடி உட்கார்ந்தேன். அந்த நொய்யை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். ஊரே லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கி நின்ற வருஷங்களிலிருந்து தையல்நாயகி ஒரு சொட்டு நல்ல தண்ணீரை வீணாக்கியது கிடையாது. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. துணி அலசின தண்ணீர் வாசலுக்கு. இப்போது குழாயில் வந்தாலும் அந்தக் கை மாறவில்லை. கறிவேப்பிலை ஏன் இந்த வருஷம் வாடிக் கிடக்கிறது என்று போன வாரம்தான் கேட்டேன். வெயில் என்றாள். முதலில் வந்தது கோபம்தான், வராமல் இருக்குமா? தோள் போய், முட்டி போய், ஏகாம்பரத்திடம் சண்டை போட்டு, கன்னியப்பனைத் துரத்தி, நான் காயவைக்கக் காயவைக்க என் முதுகுக்குப் பின்னால் சொம்பைக் கவிழ்த்திருக்கிறாள். இழுத்துக்கொண்டு வந்து இந்தச் சுவர் முன்னால் நிறுத்த வேண்டும், இந்துவுக்கு இப்போதே போன் போட்டு, உங்கம்மா செய்த வேலையைக் கேள் என்று சொல்ல வேண்டும், வீட்டை விற்பதற்கு இப்படியெல்லாமா... எழுந்தேவிட்டேன். எழுந்து நிமிர்ந்தபோது தலைக்கு மேலே கொக்கி இருந்த இடம் தெரிந்தது. சிமென்ட் வட்டம். எவ்வளவு வழவழப்பாக மூடியிருக்கிறான் கன்னியப்பன், விரல் வைத்தாலும் தட்டுப்படாத மாதிரி. "முடிஞ்சுட்டா அப்புறம் என்ன பண்றதுன்னுதான்." தோசைக் கரண்டி. வெறுங்கால். பூக்காரிக்குக் கொடுத்த ஸ்டூல். துருப்பிடித்த கொக்கியை அவள் அன்றைக்கு ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. நான் இந்தத் தெருவையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த இத்தனை நாளும், இந்த வீட்டில் ஒருத்தி என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என்னை மட்டும். காலையில் நான் இறங்கி வருவதற்கு ஒரு ஈரச்சுவர் வேண்டும் என்று கண்டுபிடித்து, ஒரு நாள் தவறாமல் அதை நனைத்திருக்கிறாள். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டேன், வீடு காலிதானே.

வெளியே ஸ்கூட்டர் நிற்கிற சத்தம் கேட்டது. கேட்டைத் தட்டினார்கள். ஜன்னல் இடுக்கில் பார்த்தால் ஒரு சின்ன வயசுத் தம்பதி. பெண் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்நாயகி மாடிப்படியில் பாதி இறங்கி நின்றாள்; புடவைத் தலைப்பில் கை துடைத்தாள். "வீடு காலியா இருக்குன்னு சொன்னாங்க" என்றான் அந்தப் பையன். "காலிதாங்க. வேலை இன்னும் முடியலை. ஹால்ல சுவர் ஓதம், காயவே மாட்டேங்குது. அடுத்த மாசம் வந்து பாருங்களேன்." பொய் எவ்வளவு சரளமாக வருகிறது இவளுக்கு. "பரவால்லம்மா, சும்மா உள்ள பாத்துக்கறோமே" என்றாள் அந்தப் பெண். "இல்லம்மா, அவரு வேலை பாத்துட்டிருக்காரு. நடுவுல போனா அவருக்குப் பிடிக்காது" என்றாள் தையல்நாயகி. ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. எத்தனை ஸ்கூட்டர் இப்படிப் போயிருக்கும். சொல்லிவைத்தும் ஒருத்தரும் வரவில்லையே என்று புரோக்கரைத் திட்டியிருக்கிறேன், பாவம் அந்த மனுஷன். படியில் நின்றபடியே அவள் குரல் கொடுத்தாள்.

"என்னங்க."

"இங்கதான் இருக்கேன்" என்றேன். இவ்வளவு சீக்கிரம் நான் பதில் சொன்னதில்லை. அப்புறம் மேலே போய், காபி டம்ளரோடு இறங்கி வந்தாள். வாசலில் நின்று முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரை, பிறகு மறுபடி என் முகத்தை. நான் கண்ணைத் துடைத்திருந்தேன். சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது.

"காயலையா?" என்றாள்.

நான் உள்ளங்கையை நீட்டினேன். அதில் அந்த நொய்யரிசி. குனிந்து பார்த்தாள். டபராவில் டம்ளர் லேசாக ஆடிச் சத்தம் போட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பெரிய விஷயத்தை எந்த முனையில் பிடித்து ஆரம்பிப்பது?

"கழுநீர் ஊத்தாதே நாயகி. எறும்பு வருது" என்றேன்.

அவள் காபியைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு அப்படியே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், சிமென்ட் தூசியைக்கூடப் பார்க்காமல். "நல்ல தண்ணியை எப்படிங்க சுவத்துல கொட்டுறது? மனசு வரலை" என்றாள். குரல் பாதியில் உடைந்துவிட்டது. நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை, என்னவோ ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து வந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இது முடிஞ்சுட்டா என்ன பண்ணுவீங்க?"

ஏதாவது ஒன்று சொல்லியிருக்கலாம். மாடியில் மொட்டை மாடித் தளம் விரிசல் விட்டிருக்கிறது, பின் பக்கக் காம்பவுண்டு சாய்ந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவளும் தலையாட்டியிருப்பாள். ஸ்டூல் மேல் நின்று சொன்ன பொய்யோடு இன்னொன்று சேர்ந்திருக்கும்.

"தெரியலை" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையிலிருந்த நொய்யை எடுத்து எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் வைத்தாள். "சரி. தெரியற வரைக்கும் நல்ல தண்ணியே ஊத்தறேன்" என்றாள்.

நான் காபியைக் குடித்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, சுவரோரமாக முட்டி போட்டு, ஈரத்தின் விளிம்பில் புதுக்கோடு போட ஆரம்பித்தேன். இப்போது கை நடுங்கியது. மூச்சைப் பிடித்தும் நடுங்கியது. கோடு கோணலாகத்தான் போனது. தையல்நாயகி தவழ்கிற மாதிரி முன்னால் நகர்ந்து வந்து, விரலை நீட்டி ஒரு இடத்தைக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் விட்டுட்டீங்க" என்றாள்.